203-இல் 78 போனால்: குறுவள மைய நாளை உருப்படியாக்கும் வழி

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகிற ஆசிரியரின் பையில் பெரும்பாலும் பேனா, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, சார்ஜர் ஆகியவை இருக்கும். அதில் இன்னொன்றையும் சேருங்கள்: உங்கள் வகுப்புக் குழந்தைகள் ஆறு பேரின் கணக்கு நோட்டு. நன்றாகப் போடுகிற இருவர், நடுவில் நிற்கிற இருவர், திணறுகிற இருவர். இந்த ஆறு நோட்டு இல்லாத கூட்டத்தில் பயிற்சி நடத்தும் கருத்தாளர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், அது உங்கள் வகுப்பைப் பற்றிய பேச்சாக இருக்காது.

பணியிடைப் பயிற்சிகள் வகுப்புக்குப் போய்ச் சேராததற்கு ஆசிரியர்களின் ஆர்வக்குறைவைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அது நியாயமில்லை. மாநில அளவில் தயாரான கையேடு மாவட்டக் கருத்தாளருக்குப் போய், அங்கிருந்து வட்டாரக் கருத்தாளருக்கு வந்து, கடைசியில் குறுவள மையத்துக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிர்கிறது. மேலே மூன்று நாள் நடந்தது கீழே ஒரு நாளாகிறது. அந்தச் சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படுவது செய்துபார்க்கும் நேரம்தான். விரிவுரையும் திரையில் ஓடும் படங்களும் தப்பிவிடுகின்றன. ஆகவே செய்துபார்க்கும் பகுதியை நாமே எடுத்துக்கொண்டு நடத்த வேண்டும். அதற்கு மேலிருந்து புதிய ஆணை எதுவும் வர வேண்டியதில்லை. ஆசிரியர் பயிற்றுநரிடம் ஒரு வாரம் முன்பே பேசி, காலை அமர்வில் மூன்று மணி நேரம் கேட்டு வாங்கினால் போதும்.

மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு சிக்கலை எடுங்கள். ‘கழித்தல்’ என்று எடுத்தால் அது மிகப் பெரியது. ‘பூஜ்ஜியம் நடுவில் வரும் எண்ணிலிருந்து கடன் வாங்கிக் கழித்தல்’ என்பது சரியான அளவு. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு எல்லாப் பள்ளியிலும் நான்காம், ஐந்தாம் வகுப்பில் ஒரே கணக்கைக் கொடுக்கச் சொல்லுங்கள்: 203 − 78. கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். குறிப்பு எதுவும் தர வேண்டாம், அழிப்பான் பயன்படுத்த வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். அடித்தலும் திருத்தலும் நமக்குத் தேவை.

சரியான விடை 125. தவறான விடைகளைப் பிரித்து அடுக்கும்போதுதான் அமர்வு சூடுபிடிக்கும். 275 என்று எழுதிய குழந்தை ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 3-இல் 8 போகாது என்பதால் 8-இல் 3. இந்தக் குழந்தைக்குக் கடன் வாங்குதலே இன்னும் வரவில்லை. 135 என்று எழுதிய குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறிலிருந்து எடுத்துப் பத்தாமிடத்துப் பூஜ்ஜியத்தை 10 ஆக்கியது, ஒன்றாமிடத்து 3-ஐ 13 ஆக்கியது. ஆனால் அந்தப் பத்தில் ஒன்றை ஒன்றாமிடத்துக்குக் கொடுத்த பிறகு 9 தான் மிச்சம் என்பதை மறந்துவிட்டது. 35 என்று எழுதிய குழந்தை ஒன்றாமிடத்துக்காக ஒருமுறையும் பத்தாமிடத்துக்காக இன்னொருமுறையும் நூறாமிடத்திலேயே போய்க் கடன் வாங்கியிருக்கிறது. மூன்று விடைக்கும் நாம் போடுவது ஒரே சிவப்புப் பெருக்கல் குறி. மூவருக்கும் ஒரே மறுபயிற்சி கொடுத்தால் 275 போட்ட குழந்தைக்குப் புரியாது, 135 போட்ட குழந்தைக்குச் சலிப்புத் தட்டும்.

24 ஆசிரியர்கள் இருந்தால் நான்கு நான்கு பேராக ஆறு குழு. ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்கள் ஒரே குழுவில் உட்காரக் கூடாது. தங்கள் பள்ளி நோட்டைத் தாங்களே பார்த்தால் ‘இவன் கவனக்குறைவு’ என்று முடித்துவிடுவோம். முதல் 40 நிமிடம் நோட்டுகளை விடைவாரியாக அடுக்குவது. ‘கவனக்குறைவு’, ‘அடிப்படை இல்லை’ என்ற இரண்டு சொற்களையும் அந்த நேரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தை என்ன செய்தது என்பதை மட்டும் ஒரு வரியில் எழுத வேண்டும். இது கேட்க எளிதாக இருக்கும். இருபதாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் முதல் பத்து நிமிடம் கை வராது.

அடுத்த ஒரு மணி நேரம் ஈர்க்குச்சி. குழுவுக்கு 203 குச்சிகள்: பத்துப் பத்தாக 20 கட்டு, அவற்றில் பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு நூறு, இன்னும் பத்துக் கட்டில் இன்னொரு நூறு, உதிரியாக 3. ரப்பர் பேண்டு குழுவுக்கு 22. ஆறு குழுவுக்கு 1,218 குச்சி, 132 ரப்பர் பேண்டு ஆகிறது. அறுந்துபோகும் என்பதால் 150 ஆக எடுத்துவையுங்கள். குச்சிகளை ஒரே நீளத்தில், விரல் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். நீளம் வேறுபட்டால் குழந்தைகள் நீளத்தைப் பார்ப்பார்கள், எண்ணிக்கையைப் பார்க்க மாட்டார்கள்.

இங்கே பலரும் செய்கிற தவறு, குச்சியைக் காட்டிவிட்டு உடனே கரும்பலகைக்குத் தாவுவது. நூறு கட்டை அவிழ்த்தால் உள்ளே பத்துப் பத்துக் கட்டு இருக்கிறது. அதில் ஒரு கட்டை எடுத்து அவிழ்த்து உதிரியோடு சேர்த்தால், பத்துக் கட்டு ஒன்பதாகிறது. கை அதைச் செய்கிற அதே நொடியில் நோட்டில் 0-ஐ அடித்து 9 எழுத வேண்டும். ஒரு செயல், ஒரு எழுத்து; மறு செயல், மறு எழுத்து. முழுக் கணக்கையும் குச்சியில் முடித்துவிட்டுப் பிறகு நோட்டுக்குப் போனால், குச்சி விளையாட்டாகவும் நோட்டு வேறொரு பாடமாகவும் பிரிந்துவிடும். ஆசிரியர்கள் தாங்களே இரண்டு இரண்டு பேராக, ஒருவர் அவிழ்க்க மற்றவர் எழுத, மூன்று முறை செய்துபார்க்க வேண்டும். வேடிக்கை பார்த்தவருக்கு வகுப்பில் கை தடுமாறும்.

மிச்ச நேரத்தில் ஒரே வேலை: நாளை மறுநாள் எந்தப் பாடவேளையில், எந்தக் குழந்தைகளோடு இதைச் செய்யப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் தேதியோடு எழுதுவது. ‘விரைவில்’ என்று எழுதியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்து மறுசோதனை. எண்களை மாற்ற வேண்டும்; 203 − 78 என்பதையே மீண்டும் கொடுத்தால் 125 என்ற விடையை மனப்பாடமாக எழுதுவார்கள். 304 − 87 (217), 501 − 236 (265), 600 − 247 (353) ஆகிய மூன்றும் போதும். கடைசிக் கணக்கில் இரண்டு பூஜ்ஜியம் வருவதால் உண்மையில் புரிந்தவர் யார் என்று காட்டிக்கொடுக்கும். முன்சோதனையன்று வராத குழந்தையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மதிப்பெண் சராசரி மட்டும் எடுத்தால் எதுவும் தெரியாது. 275 போட்டவர்கள் எத்தனை பேர் இப்போது 135 வகைத் தவறுக்கு மாறியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அதுவும் முன்னேற்றம்தான், சராசரி அதை மறைத்துவிடும்.

இப்படி முன்சோதனை, செயல்பாடு, மறுசோதனை என்று மூன்றும் கையில் இருந்தால் உங்களிடம் ஒரு செயலாராய்ச்சி, அதாவது ஆசிரியர் தன் வகுப்பிலேயே செய்யும் ஆய்வு, இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து உருவான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் (டயட்) வேலைகளில் இதுவும் ஒன்று. நம் மாவட்டத்து டயட்டுக்கு நாம் பெரும்பாலும் பயிற்சி ஆணை வந்தால் மட்டும் போகிறோம். கையில் ஒரு வகுப்பின் தரவோடு நாமாகவே போய் விரிவுரையாளரைப் பார்த்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அட்டவணை போடுவது, அறிக்கை எழுதுவது, மாதிரியின் அளவு போதுமா என்று சொல்வது ஆகியவற்றில் அவர்கள் உதவ முடியும். தலைப்பைக் குறுக்கிக்கொண்டு போங்கள். ‘மாணவர்களின் கணிதத் திறனை மேம்படுத்துதல்’ என்று எழுதிப்போனால் ஆறு மாதத்திலும் முடியாது.

அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு இதே மூன்று மணி நேரத்தில் செய்யக்கூடியது நண்பகல் நிழல். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பி அல்லது மூங்கில், தூக்குக்குண்டு, நீர்மட்டம், சுண்ணாம்புக்கட்டி, கயிறு இருந்தால் போதும். சமதளமான சிமெண்டுத் தரையில் கம்பைச் செங்குத்தாக நிறுத்தி, அதை மையமாகக் கொண்டு வட்டம் போடுங்கள். மனை பார்க்கும் தச்சர்கள் சங்கு என்னும் நிழல் பார்க்கும் முளையை நட்டுத் திசை கண்ட அதே முறை. காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளியையும் கம்பின் அடியையும் இணைத்தால் வடக்கு–தெற்குக் கோடு. மிகக் குறுகிய நிழலைப் பார்த்து நண்பகலைக் கண்டுபிடிக்க முயன்றால் ஏமாந்துபோவீர்கள். அந்த நேரத்தில் நிழலின் நீளம் பத்து நிமிடத்துக்கும் ஏறத்தாழ மாறாமல் நிற்கும். வட்ட முறையில் அந்தத் தொல்லை கிடையாது. திசைகாட்டியைக் கொண்டு சரிபார்க்கிறவர்கள் கம்பி போட்ட கான்கிரீட்டின் மேல் வைக்காதீர்கள், முள் விலகும்.

கடிகாரத்தில் 12 ஆனதும் வெளியே ஓடுவது இன்னொரு தவறு. நம் நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:09, மதுரையில் 12:17, கோவையில் 12:22 வாக்கில். பருவத்துக்கேற்பக் கால் மணி நேரம்வரை முன்பின் ஆகும்.

மதுரையில் மார்ச் 21 அன்று ஒரு மீட்டர் கம்பின் நண்பகல் நிழல் சுமார் 17 சென்டிமீட்டர், வடக்கே விழும். டிசம்பர் 21-இல் சுமார் 66 சென்டிமீட்டர், அதுவும் வடக்கே. ஜூன் 21-இல் சுமார் 24 சென்டிமீட்டர், ஆனால் தெற்கே. இந்த மூன்றாவது அளவு பல ஆசிரியர்களைத் திகைக்கவைக்கும். நம் ஊரில் ஆண்டில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சியைக் கடக்கிறது. இடைப்பட்ட காலத்தில் அது நமக்கு வடக்கே நிற்கிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலும் சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் நிழலில்லா நாள் முதலில் வரும். ஆகஸ்ட், செப்டம்பர் பக்கம் மறுபடி வரும்.

சென்னைப் பள்ளி ஒன்றும் கன்னியாகுமரிப் பள்ளி ஒன்றும் ஒரே நாளில் அளந்து கைபேசியில் பகிர்ந்துகொண்டால் பூமியின் சுற்றளவே கிடைக்கும். நிழலின் நீளத்திலிருந்து சூரியன் உச்சியிலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று இரண்டு ஊரிலும் கணக்கிட்டால், அந்தக் கோணங்களின் வேறுபாடு சுமார் 5 பாகை, வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடையே வடக்கு–தெற்காக உள்ள தொலைவு சுமார் 555 கிலோமீட்டர். 72-ஆல் பெருக்கினால் 39,960. உண்மையான அளவு 40,000-ஐ ஒட்டியது. இங்கே வழக்கமாக நேரும் பிழை சாலைத் தொலைவைப் போடுவது. 700 கிலோமீட்டர் என்று போட்டால் விடை 50,000-ஐத் தாண்டும். வரைபடத்தில் அளவுகோலை நேர் வடக்கு–தெற்காக வைத்துத்தான் அளக்க வேண்டும். இன்னொன்று: ஒரு மீட்டர் கம்பின் நிழல் நுனி ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கலாகவே இருக்கும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டத் தட்டாக இருப்பதே காரணம். அந்த ஒரு சென்டிமீட்டர் தடுமாற்றம் கோணத்தில் அரைப் பாகைக்கு மேல். 5 பாகையில் அரைப் பாகை போனால் பத்து விழுக்காட்டுப் பிழை. இந்தப் பிழைக் கணக்கை ஆசிரியர்களே போட்டுப்பார்க்க வேண்டும். விடை சரியாக வந்ததைவிட அது அதிகம் கற்றுத்தரும்.

பள்ளியிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில் இருக்கும் இடங்களையும் பயிற்சிக் கணக்கில் சேர்க்கலாம். திருப்பத்தூர் மாவட்டத்து ஆசிரியர்களுக்குச் சவ்வாது மலையின் காவலூர் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் பக்கத்தில் இருக்கிறது, 2.3 மீட்டர் தொலைநோக்கி உள்ள இடம். மழை மாதங்களில் வானம் மூடியிருக்கும் என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரை திட்டமிடுங்கள். சிவகங்கை, மதுரைப் பக்கத்தாருக்கு 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம். சென்னையில் 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உண்டு. மாணவர்களைக் கூட்டிப்போகும் முன்பு ஆசிரியர்கள் மட்டும் ஒருமுறை போய்வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கூடத்தில் எந்தப் பொருளின் முன் பத்து நிமிடம் நிற்பது, என்ன கேள்வி கேட்பது, கழிப்பறை எங்கே, சாப்பிட இடம் எங்கே என்பது எல்லாம் முன்பே தெரிந்தால்தான் அது பாடமாகும். இல்லாவிட்டால் ஐம்பது குழந்தைகளையும் எண்ணிக்கொண்டே நாள் போய்விடும்.

ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால் சமூக அறிவியல், தமிழ் ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை சேர்ந்து படித்துப்பார்க்கலாம். எழுத்தைத் துலங்கவைக்கச் சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பதும் மாவு பூசுவதும் வேண்டாம். துகள் பள்ளங்களில் தங்கிக் கல்லைக் கெடுக்கும். மாலை மங்கிய பிறகு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். இடமிருந்தும் வலமிருந்தும் மேலிருந்தும் ஒளி கொடுத்து மூன்று படம் எடுங்கள். ஒரு படத்தில் மறைந்த கோடு இன்னொன்றில் தெரியும். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர–ஏகார, ஒகர–ஓகார வேறுபாடும் தெரியாது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் முதல் வரியையாவது கூட்டிப் படித்துவிடலாம்.

அரசுப் பள்ளிகளுக்கு அறிவியல், கணிதச் செய்முறைகளைக் கொண்டுவரும் திட்டமாக 2022 நவம்பரில் திருச்சி காட்டூரில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றத்தின் கருத்தாளர் உங்கள் பள்ளிக்கு வரும் நாளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளின் அறிவியல் ஆசிரியர் வேறு வேலை பார்க்கப் போய்விடாமல் உடன் இருக்க வேண்டும். அது ஆசிரியருக்கும் செலவில்லாத பயிற்சி. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளை குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக வழிகாட்டி ஆசிரியர்களைக் கூட்டும்போதும் போய்வாருங்கள். 1987 முதல் வரும் ‘துளிர்’ இதழைப் பள்ளி நூலகத்துக்கு வாங்கினால் ஆய்வுத் தலைப்புக்கு அலைய வேண்டியதில்லை.

இணையவழிப் படிப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. 2017-இல் மத்திய அரசு தொடங்கிய டிக்‌ஷா தளத்தில் சான்றிதழ் வராமல் தவிப்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் மூன்றுதான்: பெயரைப் பணிப்பதிவேட்டில் உள்ளபடி இல்லாமல் வேறு மாதிரி பதிந்தது, படிப்பில் சேரும்போது விவரங்களைப் பகிர ஒப்புதல் தராமல் விட்டது, இணைப்பில்லாமல் பார்த்து முடித்துவிட்டுப் பிறகு இணையத்தோடு ஒத்திசைக்காதது. வீடியோவைக் கடைசி வரை ஓடவிட்டு, முன்னேற்றம் 100 விழுக்காடு காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போங்கள். கடைசி நாளுக்கு விடாதீர்கள். அன்றைக்கு எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள்.

வெளியூரில் தங்கிப் படிக்க விரும்புகிறவர்களுக்கு: ஆங்கிலம் கற்பிக்கும் தொடக்கநிலை ஆசிரியர்களுக்குப் பெங்களூருவில் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் 30 நாள் சான்றிதழ்ப் பயிற்சி தருகிறது. மைசூருவில் வட்டாரக் கல்வியியல் நிறுவனம் இருக்கிறது. இரண்டுமே 1963 முதல் இயங்குபவை. கைவினை, நாட்டார் கலைகளைப் பாடத்தோடு இணைக்க நினைப்பவர்களுக்கு 1979-இல் தொடங்கிய பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம். அதன் ஐதராபாத் மண்டல மையம் நமக்கு அருகே. இவற்றுக்குத் துறை வழியாகப் பெயர் போக வேண்டும். அறிவிப்பு பள்ளிக்கு வரும்போது பெரும்பாலும் நாள் நெருங்கிவிடும். ஆகவே தலைமை ஆசிரியரிடமும், தொடக்க, நடுநிலைப் பள்ளியென்றால் வட்டாரக் கல்வி அலுவலர் அலுவலகத்திலும், ‘இந்தப் பயிற்சிக்கு அனுப்பினால் போக விருப்பம்’ என்று கல்வியாண்டின் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிவையுங்கள். ஆள் தேடும் நாளில் அந்தத் தாள்தான் பேசும். போகும்போது விடுவிப்பு ஆணை, திரும்பும்போது வருகைச் சான்று. இரண்டிலும் தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே பாருங்கள். ஒரு நாள் விடுபட்டிருந்தால் அந்த நாள் உங்கள் தற்செயல் விடுப்பில் கழியும், பயணப்படியும் நிற்கும்.

ஈராசிரியர் பள்ளிகளின் கதை வேறு. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் தனியே பார்க்க வேண்டும். அதனால்தான் இந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பல வாய்ப்புகளை வேண்டாம் என்று விடுகிறார்கள். இவர்களுக்குத்தான் அவை அதிகம் தேவை. குறுவள மையத்துக்குள்ளேயே ஏற்பாடு செய்ய முடியும். பக்கத்துப் பெரிய பள்ளியிலிருந்து ஒருவரை அந்த நாட்களுக்கு மாற்றுப்பணியில் அனுப்பக் கேட்டு, இரு தலைமை ஆசிரியர்களும் கையெழுத்திட்டு, வட்டாரக் கல்வி அலுவலரின் ஆணையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி அனுப்பிய நாளில் அதிகாரி பார்வையிட வந்தால் இருவருக்கும் சிக்கல். வருகிறவருக்கு ஐந்து வகுப்புக்குமான அன்றைய வேலையை ஒரு பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும்: யார் யார் எங்கே உட்காருவார்கள், எந்தப் பயிற்சித்தாள், ஈர்க்குச்சிப் பெட்டி எந்த அலமாரியில்.